தவளை பறந்த படம்

"உங்கப்பன் பறப்பான்டா, சாயங்காலம் வீடியோவிலேயே காட்டுறேன்" என்று பிள்ளைகளிடம் அளந்துவிட்டது தவளை.

போனில் எடிட்டிங் ஆப் ஒன்றை இறக்கியது. பின்னால் பச்சைத் துணி கட்டினால், ஆப் பச்சையை எடுத்துவிட்டு மேகத்தை வைக்குமாம். கட்டி, முன்னால் உட்கார்ந்தது. வந்த படத்தில் மேகம் இருந்தது. நடுவே இரண்டு கண்கள் மட்டும் மிதந்தன.

"காக்கையண்ணே, வேற நல்ல ஆப் இருக்கா?"

"ஆப்பு என்னடா பண்ணும்? நீயே பச்சை! துணியை அவிழ்த்துட்டுக் கரையிலிருந்து ஒரு தாவு தாவு."

தாவியது. காக்கை அதைப் படமெடுத்து, தண்ணீரில் விழுந்ததை மட்டும் வெட்டி எறிந்தது. மிச்சத்தை மெதுவாக ஓடவிட்டது.

பிள்ளைகள் வாயைப் பிளந்தன. "அப்பா, எப்போ இறங்கினே?"

தவளை நெஞ்சை நிமிர்த்தியது.

"இறங்கினேன்னு எவன்டா சொன்னான்?"