மகாராஜன் வீட்டு முளைப்பாரி

"வெந்நீரை ஊத்திக் கொன்னுபுட்டியேடி."

மகாராஜன் போட்ட சத்தத்தில் கும்மிப் பாட்டு பாதியில் நின்றது. முளைப்பாரி வீட்டு வாசலில் சிலமலை ஊர்ச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. மொக்கம்மாள் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு சுவரோரம் நின்றாள்.

எட்டு நாளாக இருட்டறையில் இருந்த நாற்பத்தோரு மண் ஓடுகளையும் அப்போதுதான் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். நாற்பது ஓட்டில் முளை வெளிர் மஞ்சளாக, முழ உயரம் நின்றது. மகாராஜன் வீட்டு ஓட்டில் வெறும் எருவும் வைக்கோலும்தான். ஓரத்தில் நாலைந்து முளை கூன் விழுந்து கிடந்தது.

ஊர்வலத்தில் முதலாவதாகப் போகிற ஓடு அது. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வேறு வைத்திருந்தார். பாரி முளைக்காத வீடு என்றால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்?

"அவ எதுக்குய்யா ஊத்தப் போறா?" என்றார் பூசாரி சீனிச்சாமி.

"எதுக்கா? போன புரட்டாசியில இருந்து எம்மேல கறுவிக்கிட்டுத் திரியுறா. ஊருக்கே தெரியும்."

தெரியும்தான். போடியில் விதைக்கடை வைத்திருக்கிற மகாராஜனிடம் தட்டைப்பயறு விதை வாங்கித் தன் ஒரு ஏக்கர் மானாவாரிக் காட்டில் போட்டாள் மொக்கம்மாள். மழை நல்ல மழை. நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. கேட்கப் போனவளிடம், கடை நிறைய ஆள் நிற்கும்போது அவர் சொன்னார்: "விதையில குத்தமில்ல. போட்ட கைக்கு ராசியில்ல."

அதோடு சரி. விதைப்பு என்றால் முதல் கை போட அவளைத் தேடி வருகிற ஊரில், அப்புறம் ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. புருஷன் சின்னமுத்து ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பு ஏறி மலைக்குப் போனான். மாதம் ஒரு தடவை தலை காட்டுகிறான். அந்த ஒரு வார்த்தையை மொக்கம்மாள் ஆறு மாதமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

பங்குனியில் பாரி வளர்க்கிற முறை அவள் வீட்டுக்கு வந்தது. முறை வந்துவிட்டால் ராசி பார்த்து மாற்றுகிற வழக்கம் இல்லை. வீட்டுக்கு ஒரு கை பயறு என்று ஊரே கொண்டுவந்து, அவரவர் ஓட்டில் போட அவளிடம் கொடுத்தது. மகாராஜனும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்பினார். காடு பொய்த்த வீட்டில் பயறுக்கு எங்கே போவது? தன் ஓட்டுக்கென்று அவர் கடையிலேயே ஒரு பாக்கெட் வாங்கிவந்தாள். மருந்துச் சாயம் பூசிய சிவப்பு விதை.

"சாமி காரியத்துல கை வச்சவகிட்ட இனிமே கோயில் வரி வாங்கக் கூடாது" என்றார் மகாராஜன்.

கூட்டம் முணுமுணுத்தது. வரி வாங்கவில்லை என்றால் அவள் ஊரிலேயே இல்லாத மாதிரி. நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வாசல் மிதிக்காது.

சீனிச்சாமி குனிந்து மகாராஜன் வீட்டு ஓட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வைக்கோல் ஈரமாக, லேசாகச் சிவந்திருந்தது.

"வெந்நீர் பட்ட மாதிரி தெரியலையே. ஏத்தா, நீ வாயத் தெறந்து சொல்லேன்."

"நாப்பத்தோரு ஓட்டுக்கும் ஒரே கொடத்துத் தண்ணிதான் பூசாரியண்ணே. வெதை சொத்தையா இருந்தா நான் என்னத்தச் செய்ய?"

"வெதையவா சொல்ற?" மகாராஜன் கையை நீட்டினார். "உன் ஓட்டப் பாரு. எல்லாத்துக்கும் மேல ஒரு சாண் கூட நிக்குது. அது யார் கடை வெதை? ஊருக்கு முன்னால சொல்லு."

சனம் திரும்பிப் பார்த்தது. நிஜம்தான். மொக்கம்மாளின் ஓட்டில் முளை அடர்ந்து, விரல் நுழைய இடமில்லாமல் நின்றது.

"உங்க கடை வெதையில குத்தம் சொல்லலண்ணே. நீங்க கோயிலுக்குன்னு குடுத்துவிட்டீகல்ல, அதுதான் கழிசல். விக்காமக் கெடந்ததச் சாமி தலையில கட்டிட்டீக போல."

கும்மிக்காரிகளில் ஒருத்தி சிரிப்பை முந்தானையில் அடக்கினாள். மகாராஜனுக்கு முகம் கறுத்தது.

"கழிசலா? ஏண்டி, அது எங்க காட்டுல போடத் தனியா எடுத்து வச்ச வெதைடி. நாலு தரம் பொடைச்சு, ஈரச் சாக்குல முடிஞ்சு மொளை பாத்துத் தேத்துனது. கடையில விக்கிற மட்டச் சரக்குன்னு நெனைச்சியா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. போன வருஷம் அவர் கடையில் விதை வாங்கி, முளைக்காமல் காட்டைத் தரிசாகப் போட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிக்குப் பாதி. பின்னால் நின்ற பால்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, இடுப்பில் கட்டினான்.

"மட்டச் சரக்கா? அதத்தான் எங்களுக்கு வித்தீகளாண்ணே?"

மொக்கம்மாள் சுவரை விட்டு நகர்ந்து வந்து, தன் ஓட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக எவரும் விதையைத் தொட விடாத அந்தக் கையால் முளையை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"நீங்க தேத்துன வெதைதாண்ணே என் ஓட்டுல நிக்குது, உங்க ஓட்டுல போட்டது உங்க கடை வெதை."