அப்பாவின் இடது கை

சூப் கிண்ணம் சுவரில் மோதித் தரையில் உருண்டது.

"இதென்ன அநியாயம்!" சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் அண்ணி. "மறுபடியும் தட்டி விட்டுட்டாரா?"

மகள் துணியை எடுத்தாள். அப்பாவின் கழுத்தில் வழிந்ததைத் துடைத்தாள். சுட்டுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தாள். அப்பா அந்தக் கையையும் தள்ளிவிட்டார்.

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன மனுஷர். பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கை ஒன்றுதான். அந்தக் கையால் பெற்ற மகளை விரட்டுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை.

அவளோ நர்சிங் முடித்த கையோடு வீட்டுக்கு வந்தவள். வேலை கிடைத்தபாடில்லை. கிடைக்கிற வரைக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பாள். ஒரு வாய் விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுப்பாள். நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பாள். இத்தனை மாதமாகப் படுக்கையில் கிடக்கிறவர் முதுகில் ஒரு புண் கிடையாது.

ஆனால் அவள் கரண்டியை நீட்டினால் கிழவர் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அண்ணி அவசரத்தில் அள்ளித் திணித்தால், புரையேறினாலும் விழுங்குவார். இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது?

"வேலையில்லாம உக்காந்திருக்கேன்னு கோபம் அண்ணி," என்றாள் மகள், தரையைத் துடைத்தபடி. "எம் பொண்ணு நர்ஸு, எம் பொண்ணு நர்ஸுன்னு பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவர்."

"அதுக்கு? வேலை குடுக்கலைன்னா நீ என்ன பண்ணுவே? பெத்த மனசு இப்படியுமா கல்லாப் போகும்!"

அந்த வீட்டில் அவளுக்கு ஆறுதல் அண்ணன்தான். செருப்புக் கடை வைத்திருக்கிறான். இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொள்ள வெள்ளை ஷூ எடுத்து வந்து கொடுத்தவன் அவன். அப்பாவைக் குளிப்பாட்டும்போது அவள் போன் வாளிக்குள் விழுந்து செத்துப்போனதும், "என் நம்பரையே குடும்மா. நீ ஈரக் கையோட நிக்கிறப்போ கூப்பிட்டா யாரு எடுக்கிறது?" என்றான். போன ஆஸ்பத்திரியில் எல்லாம் அண்ணன் நம்பரைத்தான் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அவன் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டாள்.

"ஏதாவது போன் வந்துச்சா அண்ணா?"

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அந்தக் குழந்தைங்க ஆஸ்பத்திரி? தலைமை நர்ஸம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கட்டாயம் கூப்பிடறேன்னு சொன்னாங்களே..."

"வர்றவங்ககிட்ட எல்லாம் அப்படித்தாம்மா சொல்வாங்க. அப்புறம் அனுபவம் இருக்கிறவளா பாத்து எடுத்துக்குவாங்க."

"யாருமே வேலை குடுக்காம அனுபவம் எங்கேருந்து அண்ணா வரும்? நான் வேணா நேர்ல ஒரு எட்டுப் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"எதுக்கு, வாசல்ல நின்னு கெஞ்சவா? நானே போன் போட்டுக் கேட்டுட்டேன். ஆள் எடுத்தாச்சாம்."

அவள் முகம் செத்துப்போயிற்று. கடைசியாக நம்பிக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். இனி எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

அப்பா கட்டிலில் ஓங்கி ஒரு அடி அடித்தார். என்னவோ என்று பக்கத்தில் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து வாசல் பக்கமாக ஒரே தள்ளு. தடுமாறி ஸ்டூல் மேல் விழப் பார்த்தாள்.

"அப்பா! போதும்!" என்று கத்தினான் அண்ணன். "மூணு நர்ஸை வெச்சாலும் இவளை மாதிரிப் பாப்பாங்களா? கொஞ்சமாவது நன்றி வேண்டாமா உங்களுக்கு?"

அப்பா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எரித்துவிடுவார் போல இருந்தது.

மகளுக்குத் தாங்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

"எனக்கு மட்டும் வெக்கமா இல்லையாப்பா? கூடப் படிச்சவ எல்லாம் டூட்டிக்குப் போறா. என்னைச் சீந்த ஒரு ஆளில்லை. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க!"

அப்பா தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். வாயிலிருந்து ஏதோ குழறலாக வந்தது. ஒன்றும் புரியவில்லை.

"சரிப்பா. இனிமே வேலை தேடி எங்கயும் போகலை. விட்டுட்டேன். உங்க பக்கத்துலயே இருந்துடறேன். இப்பவாவது ஒரு வாய் சாப்பிடுங்க."

அப்பாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கை படுக்கையில் துவண்டு விழுந்தது.

"பாத்தியா, மனுஷன் இதைத்தான் எதிர்பார்த்திருக்கார்," என்று அண்ணன் தங்கையின் தலையைத் தடவினான். "அழாதேம்மா. நான் இருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது. போ, முகத்தைக் கழுவிக்கிட்டு வேற சூப் கொண்டா."

அவள் உள்ளே போனாள். அண்ணியும் கூடவே போனாள்.

அண்ணனின் போன் அடித்தது. அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அப்பா கட்டிலை ஒட்டிய ஜன்னலோரத்தில்தான். வழக்கம்போல அங்கே போய் நின்றான். பேச முடியாதவர் முன்னால் குரலைத் தாழ்த்துவானேன்?

"குழந்தைங்க ஆஸ்பத்திரியா? போன தடவை கூப்பிட்டப்பவே சொன்னேனே மேடம். என் தங்கச்சிக்கு வேற இடத்துல வேலை கிடைச்சு, சேர்ந்தும் ஆச்சு. இனிமே கூப்பிடாதீங்க."

அப்பா இடது கையால் கட்டிலைப் படபடவென்று அடித்தார்.

"என்னாச்சுண்ணா?" என்று ஈர முகத்தோடு ஓடி வந்தாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றான் அண்ணன், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "உன்மேல இன்னும் கோபம் தீரலை போல."