நாட்றம்பள்ளி உடும்பு

மோகனா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் மதியழகன் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து அடுப்படி மூலையில் வைத்தான்.

உள்ளே உயிரோடு ஓர் உடும்பு. நாட்றம்பள்ளிப் பக்கத்து மலையில் ஓர் ஆள் பிடித்துக் கொடுத்தது.

சூப்பு வைத்துக் கொடுங்கள் அண்ணி, ஒரே வாரத்தில் அண்ணன் மாடிப்படி ஏறுவார் என்றான். ஃபாரஸ்ட்காரனுக்குத் தெரிந்தால் ஜெயில்தான், அங்கே சோறாவது நேரத்துக்குக் கிடைக்கும் என்று சிரித்தான். அண்ணனுக்கு ஆற்றிய கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனான்.

அவள் கணவர் செந்தில்குமார், மடியில் தலையணையை அணைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. இருபது வருடம் ஆம்பூர் ஃபாக்டரியில் தோலைத் தேய்க்கும் மெஷினில் நின்றவர். அந்தத் தூள் எங்கே போகும்? வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மூட்டை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் அதையே பார்த்தார்.

மோகனா அந்த வைத்தியத்தை நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. அரிவாள்மணையைக் கழுவி எடுத்து வைத்திருந்தாள்.

"எவ்ளோ தோலு பாத்துக்கிறேன். எல்லாம் செத்துதான் வந்துச்சு. இது மூச்சு வுடுது மோகனா. அவுத்து வுட்ரு."

இதைச் சொல்லி முடிக்க அவர் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. அதனால்தான் அவள் எதிர்த்துப் பேசவில்லை.

பொழுது சாய்ந்ததும் மலையடிவாரத்துக்குத் தூக்கிப் போய் அவிழ்த்துவிட்டாள். அது திரும்பிப் பார்க்காமல் போனது.

மறுநாள் நாட்டுக்கோழி சூப்பு வைத்தாள். மதியழகன் வந்து பாத்திரத்தை முகர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் செந்தில்குமார் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

மாதம் முடியுமுன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில், அந்த உடும்பு சூப்புதான் அண்ணனை அத்தனை நாளாவது இழுத்துப் பிடித்தது என்று மதியழகன் பந்தலில் சொல்லிக்கொண்டிருந்தான். திமிரியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெண் ஜோதி கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் மகனுக்கு மூச்சிளைப்பு. நமக்கும் ஒன்று பிடித்துத் தருவார்களா என்று கேட்டாள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த மோகனா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"நான் குடுக்கல ஜோதி. அவுத்து வுட்டுட்டேன். அவருதான் வுடச் சொன்னாரு."

மதியழகன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். அதன்பிறகு அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை. மற்ற சொந்தக்காரர்களும் அவள் போனை எடுப்பதில்லை.

ஜோதி மட்டும் அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"குடுத்திருந்தா பொழச்சிருப்பாரேக்கா."

பிறகு கையை விட்டுவிட்டு, வேகமாகப் போய், தெருமுனையில் மதியழகனை நிறுத்தி உடும்பு பிடிப்பவனின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.