கிண்ணத்தில் கிடந்த பழைய லென்ஸ்

கண் ஆபரேஷன் அறைத் தட்டில் இரண்டு புது லென்ஸ்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நான் கிட்டத்தையும் காட்டுவேன், தூரத்தையும் காட்டுவேன். என்னை மடித்துச் சின்னத் துளை வழியாகவே உள்ளே விடலாம்" என்றது முதல் லென்ஸ்.

"உன்னை வைத்தால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். நான் தூரத்தை மட்டும் காட்டினாலும் சுத்தமாகக் காட்டுவேன்" என்றது இரண்டாவது.

அப்போது பொற்கொடி அம்மாளின் கண்ணிலிருந்து எடுத்த, புரை விழுந்த பழைய லென்ஸ் பக்கத்துக் கிண்ணத்தில் வந்து விழுந்தது.

"அந்தக் கண்ணோடு பிறந்து அறுபது வருஷம் இருந்தேன். பின்னால் இருக்கிற பார்வை நரம்பு எப்போதோ செத்துவிட்டது. நான் மறைத்துக்கொண்டு நின்றதால் யாரும் அதைப் பார்க்கவில்லை" என்றது அது.

"வேலை போன ஆத்திரத்தில் பேசுகிறது" என்றது முதல் லென்ஸ். அந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போயின.

முதல் லென்ஸைத்தான் வைத்தார்கள். மறுநாள் கண் கட்டைப் பிரித்ததும், "இன்னும் இருட்டாத்தான் இருக்கு டாக்டர்" என்றார் பொற்கொடி அம்மாள்.

டாக்டர் யோசித்தார். "இந்த லென்ஸ் உங்களுக்கு ஒத்துக்கல போல. வேற ஒண்ணு வச்சுப் பாப்போம்."

"நான் அப்போதே சொன்னேன்" என்று இரண்டாவது லென்ஸ் கிண்ணத்தின் பக்கம் திரும்பியது.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.