விசில் வேண்டாம்

மொன்டானாவில் எங்கள் ஊர் வேட்டைப் பொருள் சந்தையில், மடக்குக் கத்தியில் மாட்டும் கயிறுகளைப் பின்னி விற்கிறேன். தீக்கல், திசைகாட்டி, விசில் மூன்றையும் கயிற்றிலேயே கோத்துவிடுவேன்.

அன்று வந்த பெண் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"என் பொண்ணுக்கு ஒண்ணு வேணும். முதல் தடவையா என்னோட மான் வேட்டைக்கு வர்றா. விசிலை எடுத்துட்டுச் சின்னக் கண்ணாடி வைங்க. வெயில் பட்டா பளிச்சுனு தெரியணும்."

"விசில்தாங்க முக்கியம். தொண்டை கட்டிப்போனாலும் ஊதலாம். அரை மைலுக்குக் கேக்கும்."

"அது எனக்குத் தெரியும். போன வருஷம் என் வீட்டுக்காரர் டுவைட் உங்ககிட்டதான் வாங்கினார்."

"நல்லா உழைச்சுதா?"

"நல்லாவே. பாறையிலேருந்து விழுந்து, தொடையில பெரிய வெட்டு. அரை மணி நேரம் விடாம ஊதியிருக்கார். ஆத்துக்கு அக்கரையில இருந்தவங்களுக்குக் கேட்டிருக்கு. பாலம் சுத்தி அவங்க வர்றதுக்குள்ள ரத்தமெல்லாம் போயிடுச்சு."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே துணிவில்லை. குனிந்து, பெட்டியில் கண்ணாடியைத் தேடினேன்.

"இக்கரையில யாருமே இல்லையா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. நிமிர்ந்தேன்.

"என்னைப் பார்த்துப் பேசுங்க," என்றாள். "உதட்டைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்."

மூன்றாம் முறை அதே கேள்வியைக் கேட்க மனம் வரவில்லை. அவளே சொன்னாள்.

"அந்தப் பாறைக்குப் பின்னாலதான் எங்க கூடாரம். அவர் வந்ததும் குடிக்கட்டும்னு காபி போட்டுக்கிட்டிருந்தேன்."