தேய்மானம்

"போளூர் ரைஸ் மில் நம்பர் என்ன, சொல்லு பார்ப்போம்."

போர்வைக்குள்ளிருந்து ஜெயலட்சுமி முனகினாள். "ஜுரத்துல கிடக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? எட்டு நாலு ரெண்டு. மத்தியானத்துல எடுக்க மாட்டாங்க."

சாமிநாதனுக்கு மூச்சு திரும்பி வந்தது. அரிசி மில் பத்திரமாக இருக்கிறது.

ஜெயலட்சுமி போளூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யார் எண்ணைக் கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லுவாள். இருமலை வைத்தே பேசுவது யார் என்று கண்டுபிடித்துவிடுவாள். சாமிநாதனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஆனால் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

மகன் வீட்டோடு இருக்கலாம் என்று இருவரும் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. போன வாரம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தலையிலும் மணிக்கட்டிலும் அடி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஏதோ மிஷினில் படம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த நர்ஸ் இருவரிடமும் கன்னடத்தில், "மூளெ சவெதிதெ" என்று சொல்லி, உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டினாள்.

கன்னடம் தெரியாத சாமிநாதனுக்கும் அது புரிந்துவிட்டது: மூளை தேய்ந்திருக்கிறது. அவர் மகனிடம்கூட வாய் திறக்கவில்லை. சொன்னால் எல்லோரும் அவளைக் குழந்தையைப் போல நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதை அவள் தாங்கினாலும் அவரால் தாங்க முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்று நேற்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்று காலையிலிருந்து ஜுரம், அடித்துப்போட்டது போல உடம்பு வலி. பதறிப்போய் டாக்டர் கேத்தரினுக்குப் போன் செய்தார். நல்லவேளையாக அவர் தமிழ் பேசுகிறவர்.

"பயப்படாதீங்க சார். இந்த மருந்து உள்ளே போனதும், உடம்புல காவல் காக்கிற செல்லுங்க எதிரி வந்துட்டான்னு நினைச்சு சண்டைக்குக் கிளம்பிடும். அதோட சூடுதான் இது. பெரும்பாலும் முதல் தடவைதான் இப்படி. ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும், பாராசிட்டமால் குடுங்க. அடங்கலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

போனை வைத்த சாமிநாதனுக்கு, அந்தச் சண்டை ஜெயாவின் மூளைக்குள்ளேயே நடப்பதாகத் தோன்றியது. அதில் எந்தெந்த ஞாபகம் எரிந்துபோகுமோ? கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். தாலுகா ஆபீஸ், பஸ் டிப்போ, சினிமாக் கொட்டகை. கடைசியில், பெண் பார்க்க வந்தபோது அவர் போட்டிருந்த சட்டை.

"உங்க அண்ணன் சட்டை. தோள்ல தொங்கிச்சு."

அது அண்ணன் சட்டை என்பது அவளுக்குத் தெரியும் என்றே அவருக்கு இதுவரை தெரியாது.

ஜுரம் விட்டதும் மனைவியை அழைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். கொதிக்கும் ஜுரத்தில் அவள் ஒரு எண்ணைக்கூடத் தவறவிடவில்லை என்பதை விஸ்தாரமாகச் சொல்லி முடித்தார்.

"இந்த மூளையா டாக்டர் தேஞ்சிருக்கு? இப்படி ஒரு மூளை இந்த பெங்களூர்லயே கிடையாது. உங்க மிஷினைப் பாருங்க, அதுதான் தேஞ்சிருக்கும்."

டாக்டர் கேத்தரின் குழம்பிப்போய்ப் பார்த்தார். பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார், கன்னடத்துல மூளென்னா எலும்பு. நாங்க ஏத்தினது எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து."

சாமிநாதன் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கீழ்வீட்டு லட்சுமம்மா தினமும் மூளெ நோவுன்னு முழங்காலைத்தானே காட்டறாங்க" என்றாள் ஜெயலட்சுமி. "நீங்க கேள்வி கேக்க ஆரம்பிச்சதுமே விஷயம் புரிஞ்சுபோச்சு. கல்யாணமானதுலேருந்து என் மூளையைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா சொல்லாத மனுஷன் என்னதான் சொல்றார்னு பார்க்கலாம்னு, வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."