வலப்பக்கக் கிளை

புதிதாக வந்த டாக்டர் ஆஞ்சியோ படத்தைத் திரையில் ஓடவிட்டார்.

"அடைப்பு ஏதாவது இருக்கா டாக்டர்?" நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அவள் கேட்டாள்.

"துளிகூட இல்லம்மா. ஒரு வித்தியாசம் மட்டும். இடப்பக்கம் கிளம்ப வேண்டிய ரத்தக்குழாய் வலப்பக்கம் கிளம்பி, பின்னால சுத்திப் போகுது. பிறவி அமைப்புதான், பயமில்லை."

"தெரியும். முன்னாடி எடுத்தப்பவும் இதையேதான் சொன்னாங்க. 'உங்க பேச்சு மாதிரி ரத்தமும் ஊரைச் சுத்தித்தான் வருமா'ன்னு வீட்டுக்காரரைக் கேலி பண்ணேன். மறுநாள்தான் அந்த விபத்து."

டாக்டர் ஒன்றும் புரியாமல், அவள் தம்பி என்று தான் நினைத்திருந்த இளைஞனைப் பார்த்தார்.

"எனக்கு வெச்சது அவங்க வீட்டுக்காரர் இதயம், டாக்டர்" என்றான் அவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. பிறகு அவள் பக்கம் திரும்பினான். "அண்ணன் என்னக்கா பதில் சொன்னார்?"

"வந்து சேருதா இல்லியான்னார்."

திரையில் ரத்தம் அதே வழியில் சுற்றிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.